ஹீபிச் செடி குளிரில் சாகிறதா, நீரில் சாகிறதா?

தொட்டிப்பூ | ஹாரோ, லண்டன் | மார்ச் 6

அனைவருக்கும் வணக்கம். சென்ற அக்டோபரில் வீட்டருகே உள்ள ஒரு பேரங்காடியின் வாசலில், ஊதா நிறக் கதிர்ப்பூக்களும் வெண்மஞ்சள் கரையிட்ட இலைகளுமாக அடுக்கி வைத்திருந்த ஹீபி என்னும் பசுமை மாறாப் புதர்ச்செடிகளைப் பார்த்து ஆசைப்பட்டு மூன்று தொட்டிகள் வாங்கி வந்தேன். அந்த நேரத்தில் தோட்டத்தில் வேறெதுவும் பூக்கவில்லை என்பதால், வரவேற்பறை ஜன்னலிலிருந்து பார்க்கும்படியாகப் பின்வாசல் தளத்தில் வரிசையாக வைத்தேன். நவம்பர் இறுதிவரை பூத்துக்கொண்டுதான் இருந்தன. ஜனவரியில் இலைகள் கருத்துச் சுருண்டன. இப்போது இரண்டு செடிகள் முழுவதும் காய்ந்துவிட்டன. மூன்றாவதில் மேற்கிளைகள் பழுப்பேறியிருக்க, அடித்தண்டில் மட்டும் நகத்தால் கீறினால் பச்சை தெரிகிறது.

எனக்குப் புரியாத செய்தி ஒன்று உண்டு. முன்வாசலில் முந்தைய குடியிருப்பாளர் விட்டுச்சென்ற ஒரு சிறிய ஹீபி இருக்கிறது. நீலச்சாம்பல் நிறத்தில் விரல்நகம் அளவே உள்ள இலைகள். நான் அதற்கு ஒரு குவளைத் தண்ணீர்கூட ஊற்றியதில்லை. நடைபாதைக்கும் சுவருக்கும் நடுவே, கட்டடக் கழிவும் சரளையும் கலந்த மண்ணில் அது ஒரு குறையுமின்றி நிற்கிறது. பார்த்துப் பார்த்து வளர்த்தவை போய்விட்டன, பாராமல் விட்டது பிழைத்திருக்கிறது. இது குளிரால் வந்ததா, அல்லது என் வளர்ப்பில் பிழையா? மீந்திருக்கும் செடியை இப்போதே வெட்டிவிடலாமா? அதைத் தொட்டியிலிருந்து எடுத்துத் தரையில் நடுவது நல்லதா? எங்கள் தோட்டம் லண்டனின் கெட்டிக் களிமண். மழைக்காலத்தில் கால் வைத்தால் காலணி வெளியே வராது.

கடற்காற்று | வொர்திங் | மார்ச் 6

ஹீபியைக் கையில் எடுத்ததும் முதலில் பார்க்க வேண்டியது பூவை அன்று, இலையை. பொதுவாக இலை பெரிதாகவும் அகலமாகவும் மென்மையாகவும் இருந்தால் அந்த வகை குளிருக்கு அஞ்சும். இலை சிறிதாகவும் தடிப்பாகவும் சாம்பல் பூத்ததாகவும் இருந்தால் குளிரைத் தாங்கும். விதிவிலக்குகள் உண்டு என்றாலும், பெயர்ச்சீட்டு இல்லாத செடியை வாங்கும்போது இதைவிட நம்பகமான அடையாளம் இல்லை.

நீங்கள் வாங்கியது பெரும்பாலும் ஆண்டர்சோனி வகையின் கரையிட்ட இலை வடிவமாக இருக்கும். எடின்பரோவைச் சேர்ந்த ஐசக் ஆண்டர்சன் ஹென்றி என்பவர் 19ஆம் நூற்றாண்டில் உருவாக்கிய கலப்பினம் அது. அதன் பெற்றோரில் ஒன்று ஹீபி ஸ்பெசியோசா. நியூசிலாந்தின் கடலோரப் பாறைகளில், உறைபனி அரிதாகவே எட்டிப்பார்க்கும் இடங்களில் வளர்வது. அதன் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் அழகான பெரிய கதிர்ப்பூ கிடைத்தது, குளிர் தாங்கும் உடம்பு கிடைக்கவில்லை. இலையுதிர் காலத்தில் கடைவாசல்களில் பூத்த நிலையில் விற்கப்படுபவை பெரும்பாலும் இந்த வம்சம்தான். அவற்றைப் பூங்கொத்துபோல இரண்டு மாத அலங்காரமாகக் கருதி விற்கிறார்கள். வாங்குபவருக்கு அதைச் சொல்வதுதான் இல்லை.

முன்வாசலில் இருப்பது பிங்குயிஃபோலியா இனத்தைச் சேர்ந்த ‘பேஜியை’ என்ற வகை என்று ஊகிக்கிறேன். மே மாதத்தில் சிறு வெண்பூக்கள் கொத்தாக வந்தால் என் ஊகம் சரி. அதற்குக் கடுங்குளிர் ஒரு பொருட்டே அன்று.

இங்கே கடையில் செடி வாங்குபவர்கள் அரச தோட்டக்கலைச் சங்கத்தின் தாங்குதிறன் குறியீட்டைப் பார்த்து வாங்குவது நல்லது. எச்3 என்றால் சுழியத்துக்குக் கீழே 5 பாகை செல்சியஸ் வரை, எச்4 என்றால் கீழே 10 வரை, எச்5 என்றால் கீழே 15 வரை. ஆனால் இந்த எண்கள் தரையில் வேரூன்றிய செடிக்கு உரியவை. தொட்டியில் நான்கு பக்கமும் குளிர் தாக்குவதால், தொட்டிச் செடிக்கு ஒரு படி குறைத்தே கணக்கிடுவேன்.

மண்புழு | லெஸ்டர் | மார்ச் 7

கடற்காற்று சொன்ன இலைக் கணக்கை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தீர்ப்பை அதோடு முடித்துக்கொள்ள எனக்கு மனமில்லை. பதினைந்து ஆண்டுகளாக ஹீபி வளர்க்கிறேன். என் கையில் இறந்த செடிகளைத் தொட்டியிலிருந்து உருவிப் பார்க்கும் பழக்கம் எனக்கு உண்டு. பத்துக்கு ஏழு எட்டில் இலை கருகுவதற்கு வெகுநாள் முன்பே வேர் அழுகியிருக்கிறது. குளிர் வந்து கடைசி அடியைக் கொடுக்கிறது, பழியும் அதன் மேல் விழுகிறது. லண்டன் நகருக்குள் சாதாரணக் குளிர்காலம் மூன்று செடிகளை வேரோடு கொல்லும் அளவுக்குக் கடுமையானதாக எனக்குத் தோன்றவில்லை.

ஆகவே தொட்டிப்பூ அவர்களே, இறந்த இரண்டையும் குப்பையில் போடுவதற்கு முன் தொட்டியைக் கவிழ்த்து வேரைப் பாருங்கள். நல்ல வேர் வெளிர்நிறமாக, இழுத்தால் அறுபடாமல் இருக்கும். அழுகிய வேர் பழுப்பாகி, விரலால் உருவினால் மேல்தோல் உறைபோலக் கழன்று நடுநார் மட்டும் நிற்கும். மண்ணிலும் கெட்ட வாடை வரும். பைட்டாப்தோரா என்னும் வேரழுகல் கிருமிக்கு ஹீபி எளிதில் இரையாகும். நீர் தேங்கிய மண்ணில் அது நீந்திப் பரவும். வீட்டுத் தோட்டத்தில் பயன்படுத்தத்தக்க மருந்து எதுவும் அதற்கு இங்கே இல்லை. வராமல் தடுப்பது ஒன்றே வழி.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், ஏனெனில் இதில் நம் ஊருக்கும் ஒரு பங்கு இருக்கிறது. இங்கே இப்போது கிடைக்கும் பீட் என்னும் சதுப்புநில மக்கு கலவாத தொட்டி மண்ணில் பெரும்பகுதி தேங்காய் நார்க்கழிவு சேர்ந்தது. அது இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும்தான் பெரும்பாலும் வருகிறது. நார்க்கழிவுக்கு ஒரு குணம் உண்டு: மேற்பரப்பு ஓரிரு நாளில் வெளுத்துக் காய்ந்துவிடும், அடியில் ஈரம் வாரக்கணக்கில் நிற்கும். மேலே காய்ந்திருப்பதைப் பார்த்ததும் நம் கை தானாகச் செம்பை எடுத்துவிடுகிறது. விரலை இரண்டாவது கணு வரை மண்ணுக்குள் விட்டுப் பார்க்காமல் ஹீபித் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது என்பதை நான் என் வீட்டில் சட்டமாகவே வைத்திருக்கிறேன். அதைவிட எளிய முறை தொட்டியை ஒரு கையால் சாய்த்துத் தூக்கிப் பார்ப்பது. கனத்தால் வேண்டாம், இலேசாக இருந்தால் ஊற்றலாம்.

தொட்டிச் செடிக்கு நான் பயன்படுத்தும் கலவையில் பெரிய இரகசியம் இல்லை. ஜான் இன்னஸ் 2ஆம் எண் கலவை மூன்று பங்கு, பொடிச்சரளை ஒரு பங்கு. வண்டல் மண் அடிப்படையிலான இந்தக் கலவைக்கு எடை உண்டு. காற்றில் தொட்டி சாயாது, தண்ணீரும் தேங்காது. தொட்டி அடியில் உடைந்த ஓடுகளைப் பரப்பும் பழைய வழக்கத்தை விட்டுவிட்டேன். அதனால் வடிகால் கூடுவதில்லை, வேர் இறங்கும் இடம்தான் குறைகிறது. ஓட்டை அடைபடாமல் தொட்டிக்கடியில் மூன்று கால் வைத்துத் தரையிலிருந்து உயர்த்துவதுதான் உண்மையில் பயன் தருவது. வேர் தொட்டியை நிறைத்ததும், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, வசந்தத்தில் ஒரே ஒரு அளவு பெரிய தொட்டிக்கு மாற்றுவேன். சிறு செடியைப் பெருந்தொட்டியில் வைத்தால் வேர் எட்டாத மண் முழுவதும் ஈரமாகவே கிடக்கும்.

உரத்தைப் பொறுத்தவரை கஞ்சத்தனம் நல்லது. மார்ச் அல்லது ஏப்ரலில் மெதுவாகக் கரையும் குருணை உரம் ஒரு சிறு கரண்டி போதும். தழைச்சத்தை அள்ளிக் கொட்டினால் கொழுகொழுவென்று துளிர்க்கும். அந்தத் துளிர்தான் உறைபனியில் முதலில் கருகும், அசுவினியும் அதைத்தான் தேடி வரும். தரையில் நட்ட ஹீபிக்கு நான் உரமே போடுவதில்லை.

தொட்டிப்பூ | ஹாரோ, லண்டன் | மார்ச் 8

மண்புழு அவர்கள் சொன்னபடி கவிழ்த்துப் பார்த்தேன். எழுதவே கூச்சமாக இருக்கிறது. அழகுக்காகக் கடையில் வாங்கிய பீங்கான் வெளித்தொட்டிக்குள் செடியின் நெகிழித் தொட்டியை அப்படியே இறக்கி வைத்திருந்தேன். வெளித்தொட்டிக்கு அடியில் ஓட்டை இல்லை என்பதை இன்றுதான் கவனித்தேன். மூன்றிலும் இரண்டு அங்குலத் தண்ணீர் நின்றது. மழை போதாதென்று நானும் காலையில் துளசிக்கு ஊற்றுவது போல ஆளுக்கு ஒரு செம்பு ஊற்றிக்கொண்டிருந்தேன். வேர் நீங்கள் சொன்னது போலவே உறை கழன்று வந்தது. வாடையையும் சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாவது செடியின் வேரில் ஒரு பக்கம் மட்டும் வெளிர்நிறமாக இருக்கிறது. அதைக் காப்பாற்ற வழி உண்டா?

மண்புழு | லெஸ்டர் | மார்ச் 8

கூச்சப்பட ஒன்றுமில்லை. ஓட்டையில்லாத வெளித்தொட்டியால் நான் கொன்ற செடிகளின் பட்டியலைச் சொன்னால் இந்த இழை போதாது.

அழுகிய வேர்களைக் கூரிய கத்தரியால் நல்ல வேர் தெரியும்வரை நறுக்கி எடுங்கள். பழைய மண்ணை உதறிவிட்டு, எஞ்சிய வேர் கொள்ளும் அளவுள்ள சிறிய தொட்டியில் சரளை கூடுதலாகச் சேர்த்த கலவையில் நட்டு, மழை படாத, வெளிச்சம் உள்ள இடத்தில் வையுங்கள். துளிர் வரும்வரை உரம் வேண்டாம். பிழைத்தால் நல்லது, பிழைக்காவிட்டாலும் வியக்க மாட்டேன். அந்த மண்ணை வேறு செடிக்குப் பயன்படுத்தாதீர்கள். தொட்டியையும் கத்தரியையும் நன்றாகக் கழுவிவிடுங்கள்.

பனிக்காலம் | அபர்டீன்ஷயர் | மார்ச் 9

நீரா குளிரா என்ற வழக்கில் குளிரின் சார்பாகவும் ஒருவர் வாதாட வேண்டும் அல்லவா? 2010 டிசம்பரை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். நூறு ஆண்டுகளில் பிரிட்டன் கண்ட மிகக் குளிர்ந்த டிசம்பர் அது. எங்கள் தெருவில் இருந்த பெரிய இலை ஹீபிகள் ஒன்றுகூடத் தப்பவில்லை. நல்ல வடிகால் உள்ள சரிவு நிலத்தில் நின்றவையும் போயின. ஆகவே வேர் நன்றாக இருந்தால் எந்த ஹீபியும் எதையும் தாங்கும் என்ற எண்ணம் யாருக்கும் வந்துவிட வேண்டாம்.

எங்கள் பக்கத்தில் நிலைத்து நிற்பவை மூன்று. ரக்காயென்சிஸ் முதலாவது: இடுப்புயரத்துக்கு வெளிர்பச்சைக் குவியலாக வளர்ந்து கோடைத் தொடக்கத்தில் வெண்பூ பூக்கும். நியூசிலாந்தின் கேன்டர்பரி மாநிலத்தில் உள்ள ரக்காயா ஆற்றுப் பள்ளத்தாக்கின் பெயர் அதற்கு. இரண்டாவது, முன்வாசல் புகழ் பேஜியை. மூன்றாவதைப் பார்த்தவர்கள் ஹீபி என்றே நம்ப மாட்டார்கள்: சவுக்குக்கயிறு ஹீபி என்று ஒரு கூட்டம் இருக்கிறது. இலைகள் செதில்களாகச் சுருங்கித் தண்டோடு ஒட்டிக்கொண்டிருக்கும். சைப்ரஸ் மரக் கன்று என்றுதான் தோன்றும். அதில் ஜேம்ஸ் ஸ்டர்லிங் என்ற வகை குளிர்காலத்தில் பழைய பித்தளைப் பாத்திரத்தின் நிறத்துக்கு வரும். பூ அபூர்வம். நிறத்துக்காகவே வைத்திருக்கிறேன்.

குளிரில் இன்னொரு சூது உண்டு. ஹீபி பசுமை மாறாத செடி. குளிர்காலத்திலும் இலை நீரை இழந்துகொண்டே இருக்கும். தொட்டி மண் முழுவதும் உறைந்து, மேலே வறண்ட காற்றும் வெயிலும் அடித்தால், வேரால் நீரை இழுக்க முடியாமல் செடி தாகத்தில் காய்கிறது. அதனால் கடும் உறைபனி அறிவிப்பு வந்தால் தொட்டிகளை வீட்டுச் சுவரோரம் நெருக்கி வைத்து, தொட்டியைச் சுற்றிச் சாக்கோ குமிழி உறையோ கட்டுகிறேன். செடிக்குப் போர்வை போர்த்துபவர்கள் தொட்டியை மறந்துவிடுகிறார்கள். குளிர் கொல்வது அங்கேதான்.

தொட்டிப்பூ, மார்ச்சில் வெட்டாதீர்கள். கருகிய கிளைகள் அடியிலுள்ள உயிருக்கு ஒரு குடை. ஏப்ரல் கடைசியிலோ மே மாதத்திலோ எங்கே மொட்டு விடுகிறது என்று பார்த்து, அதற்குச் சற்று மேலே வெட்டலாம்.

கீவி_மாமா | ஆக்லாந்து | மார்ச் 10

ஹீபியின் பிறந்த வீடான நியூசிலாந்திலிருந்து எழுதுகிறேன். ஹீபி என்பது கிரேக்கர்களின் இளமைத் தெய்வத்தின் பெயர். பெயர்தான் இளமை, செடிக்கு ஆயுள் கம்மி. ஏழெட்டு ஆண்டு, போனால் பத்து. அதன் பிறகு நடுவே பிளந்து, அடி வெறுமையாகி, குச்சி குச்சியாக நிற்கும். அது நோயன்று, வயது. இதைப் புரிந்துகொள்ளாமல் கிழச்செடிக்கு உரமும் மருந்தும் போட்டுப் போராடுபவர்கள் இங்கேயும் இருக்கிறார்கள்.

ஏறத்தாழ 90 இனங்கள் இந்நாட்டில் இயற்கையாக வளர்கின்றன. கடலோரப் பாறையிலிருந்து தென்தீவின் பனிமலைச் சரளைச் சரிவு வரை எல்லா இடத்திலும் ஏதோ ஒன்று இருக்கும். எலிப்டிகா என்ற ஒன்று பெருங்கடலைத் தாண்டித் தென் சிலியிலும் ஃபாக்லாந்து தீவுகளிலும்கூட வளர்கிறது. நீங்கள் பேசிக்கொண்டிருக்கும் இலைக் கணக்குக்குக் காரணம் இந்தப் பிறப்பிடம்தான். மலைமேல் பிறந்தது காற்றுக்கும் குளிருக்கும் அஞ்சி இலையைச் சுருக்கிக்கொண்டது. கடலோரத்தில் பிறந்ததற்கு அந்தக் கவலை இல்லை, விரித்துக்கொண்டது. இரண்டுக்கும் பொதுவானது ஒன்று: பாறையிடுக்கு, மணல், சரிவு எனத் தண்ணீர் நில்லாத இடம். ஆகவே மண்புழு சொல்வதற்கு என் ஓட்டு.

இன்று தாவரவியலாளர் பலர் இந்தப் பேரினத்தையே வெரோனிக்காவுக்குள் அடக்கிவிட்டார்கள். பெயர்ச்சீட்டில் வெரோனிக்கா என்று பார்த்தால் குழம்ப வேண்டாம்.

இங்கே கிராமப்புறச் சாலையோரங்களில் கொரோமிகோ என்று இந்நாட்டுப் பழங்குடியினரான மாவோரி மக்கள் அழைக்கும் நீண்ட இலை ஹீபி சாதாரணமாகக் கிடைக்கும். அதன் இளந்துளிரை வயிற்றுப்போக்குக்கு மென்று தின்பது அவர்களின் பழைய கைவைத்தியம். இரண்டாம் உலகப் போரில் வெளிநாட்டில் போரிட்ட மாவோரி வீரர்களுக்குக் காய்ந்த இலையை ஊரிலிருந்து அனுப்பினார்கள். நம் வீட்டில் மாதுளைத் தோலை எடுத்து வைப்பதை நினைத்துக்கொள்வேன். அதற்காகக் கடையில் வாங்கிய அலங்காரச் செடியை யாரும் வாயில் வைக்க வேண்டாம். அதில் என்ன மருந்து தெளித்தார்களோ.

ஆக்லாந்தில் எங்கள் தலைவலி வேறு. இங்கே குளிரன்று, புழுக்கம். கோடை ஈரத்தில் செப்டோரியா என்னும் இலைப்புள்ளி நோய் வரும்: நடுவே வெளுத்து, சுற்றிலும் கருஞ்சிவப்பு வளையமிட்ட சிறு பொட்டுகள். குளிர்ந்த ஈரத்தில் அடிச்சாம்பல் நோய் வரும்: இலையின் மேலே மஞ்சள் திட்டு, திருப்பிப் பார்த்தால் அடியில் சாம்பல் பூஞ்சை, நுனித்துளிர் முறுக்கிக்கொள்ளும். இரண்டுக்கும் மூலம் காற்றோட்டமின்மையும் இலைமேல் தண்ணீர் ஊற்றுவதும்தான். இந்தச் சிக்கலைக் கண்டுதான் ஆக்லாந்து தாவரவியல் பூங்காவில் ஜாக் ஹாப்ஸ் 1980களில் பல வகைகளைக் கலந்து தேர்ந்தெடுத்தார். வைரி சார்ம், வைரி மிஸ்ட் என்று வைரி முன்பெயரோடு விற்பவை அந்தக் குடும்பம். ஈரப்பதமான ஊர்க்காரர்கள் அவற்றைத் தேடி வாங்கலாம்.

கடற்காற்று | வொர்திங் | மார்ச் 10

மாமா வந்ததால் இழைக்கு வேர் கிடைத்துவிட்டது. நான் கொஞ்சம் விட்டுக்கொடுக்கிறேன்: நீர்தான் முதல் குற்றவாளி, குளிர் கூட்டாளி.

தரையில் நடுவது பற்றிய கேள்வி அப்படியே நிற்கிறது. எங்கள் கடலோரச் சுண்ணாம்பு மண்ணில் ஹீபி களைபோல வளர்கிறது. உப்புக்காற்றும் அதைத் தொடுவதில்லை; பிரான்சிஸ்கானா வகை வேலிகளைத் தென்கரை ஊர்களில் கடலுக்கு நேரெதிரே பார்க்கலாம். ஆனால் லண்டன் களிமண் வேறு கதை. குழி தோண்டி அதில் மட்டும் நல்ல மண்ணும் சரளையும் நிரப்பி நட்டால் அந்தக் குழி ஒரு கிணறாகிவிடும். சுற்றியுள்ள களிமண்ணின் நீரெல்லாம் அதில்தான் வந்து நிற்கும். அதற்குப் பதிலாக ஒரு முழ உயரத்துக்குப் பாத்தியை மேடாக்கி, முழுப்பாத்தியிலும் இலைமக்கும் சரளையும் கலந்து, மேட்டின் உச்சியில் நடுங்கள். வெயில் படும் இடம், வாடைக்காற்றுக்கு மறைவு, இவை போதும். நட்ட முதல் கோடையில் மட்டும் வாரம் ஒருமுறை ஆழமாகத் தண்ணீர் விட வேண்டும். அதன் பிறகு அதை மறந்துவிடலாம்.

கவாத்து விஷயத்தில் பனிக்காலத்தோடு எனக்குச் சிறு மாறுபாடு. குளிரில் கருகியதை மே வரை விட்டுவைப்பது சரி. நலமான செடியைப் பூ முடிந்த கையோடு, காய்ந்த கதிர்களையும் அவற்றுக்குக் கீழே ஒரு சாண் தளிரையும் சேர்த்து ஆண்டுதோறும் வெட்டிவிட வேண்டும் என்பேன். மிட்சம்மர் பியூட்டி போன்ற ஆளுயரச் செடிகளை வெட்டாமல் விட்டால் நான்கே ஆண்டில் கீழே வெறுங்கால் தெரியும்.

மண்புழு | லெஸ்டர் | மார்ச் 11

ஒரு சாண் என்பது எல்லாச் செடிக்கும் பொருந்தாது. மிட்சம்மர் பியூட்டிக்கும் கிரேட் ஓர்முக்கும் பொருந்தும். அவை வேகமாக வளர்பவை. எமரால்டு ஜெம் முழுதாக வளர்ந்தாலே ஒரு அடிதான். அதில் ஒரு சாண் வெட்டினால் மீதம் என்ன இருக்கும்? உருண்டையாக வளரும் சிறு வகைகளுக்கு வாடிய பூவைக் கிள்ளுவதோடு நிறுத்திக்கொள்ளலாம். சவுக்குக்கயிறு வகைகளில் கத்தரி வைக்கவே வேண்டாம். இலையில்லாத பழைய தண்டுவரை வெட்டினால் அங்கிருந்து திரும்பத் துளிர்ப்பது அரிது.

பழைய தண்டு துளிர்க்குமா என்று அறிய என்னிடம் ஒரு வழி உண்டு. ஹீபியின் இலைகள் எதிரெதிராக, சோடி சோடியாக, ஒரு சோடிக்கு அடுத்தது குறுக்காக அமைந்திருக்கும். மேலிருந்து பார்த்தால் நான்கு வரிசைக் கோலம்போலத் தெரியும். இலை உதிர்ந்த தண்டிலும் அந்தக் கணுத்தழும்புகள் இருக்கும். வசந்தத்தில் தழும்புக்கு மேல் கடுகளவு பச்சை மொட்டு தெரிந்தால் அதுவரை தைரியமாக வெட்டலாம். தெரியாவிட்டால் முதலில் ஒரே ஒரு கிளையை மட்டும் வெட்டிவிட்டு ஆறு வாரம் காத்திருந்து பார்ப்பேன். துளிர்த்தால் மற்றவற்றையும் வெட்டலாம். துளிர்க்காவிட்டால் போனது ஒரு கிளைதான்.

மேலும், ஆகஸ்ட் கடைசிக்குப் பிறகு கத்தரியைத் தொடாதீர்கள். இலையுதிர் காலத்தில் வெட்டினால் வரும் இளந்துளிர் முதிர்வதற்குள் உறைபனி வந்துவிடும்.

மாடித்தோட்டம் | சென்னை | மார்ச் 14

ஐயா, இங்கே இணையக் கடை ஒன்றில் ஹீபி விதை என்று விற்கிறார்கள். மொட்டைமாடியில் நிழல்வலை அடியில் வைத்தால் வளருமா?

கீவி_மாமா | ஆக்லாந்து | மார்ச் 14

தம்பி, பணத்தை வீணாக்க வேண்டாம். ஹீபிக்கு வெயில் பிடிக்கும், வெக்கை பிடிக்காது. அதற்குக் குளிர்ந்த இரவு வேண்டும். சென்னையின் சித்திரை இரவு அதைக் கொன்றுவிடும். மேலும், ஹீபிகள் தங்களுக்குள் தாராளமாகக் கலப்பவை. பெயர் சொல்லி விற்கும் வகைகளை விதையிலிருந்து அப்படியே பெற முடியாது. வெட்டிய தண்டிலிருந்துதான் பெருக்குகிறார்கள். கதிர்ப்பூவும் ஊதா நிறமும்தான் வேண்டும் என்றால் நம் டிசம்பர் பூவுக்கு என்ன குறை?

தொட்டிப்பூ | ஹாரோ, லண்டன் | ஜூன் 2

மூன்று மாதம் கழித்து வருகிறேன். கரையிட்ட இலைச் செடி ஏப்ரல் நடுவில் அடித்தண்டில் நான்கு துளிர் விட்டது. மே இரண்டாம் வாரம் பனிக்காலம் சொன்னபடி அதற்கு மேலே வெட்டினேன். இப்போது ஒரு கையளவு உயரம் இருக்கிறது. அதன் நான்கு துளிரில் ஒன்று மட்டும் கரையே இல்லாமல் முழுப்பச்சையாக வந்திருக்கிறது, அதை என்ன செய்வது என்று தெரியவில்லை.

முன்வாசல் செடி மே மாதத்தில் வெண்பூவாகக் கொட்டியது. கடற்காற்று அவர்களின் ஊகம் சரி. தேனீக்கள் காலை முதல் அங்கேயே இருக்கின்றன.

களிமண்ணில் மேட்டுப்பாத்தி அமைத்து ரெட் எட்ஜ் என்ற ஹீபி வகை இரண்டும் ரக்காயென்சிஸ் ஒன்றும் நட்டிருக்கிறேன். மேட்டுக்கு மூன்று நாள் மண் சுமந்த என் கணவர், இது ஹீபிக்கா கோபுரத்துக்கா என்று கேட்டார்.

மண்புழு | லெஸ்டர் | ஜூன் 2

முழுப்பச்சைத் துளிரை இன்றே அடியோடு கிள்ளிவிடுங்கள். கரையிட்ட வகைகள் சில சமயம் தாய்நிறத்துக்குத் திரும்பும். பச்சைத் துளிருக்குப் பச்சையம் அதிகம், அது விரைந்து வளர்ந்து மற்றதை அமுக்கிவிடும்.

ஆகஸ்ட் கடைசியில் அதிலிருந்து சில தண்டுகளை வெட்டி வேர்விட வையுங்கள். இந்த வம்சத்துக்குக் குளிர்கால உத்தரவாதம் அது ஒன்றுதான். பூக்காத கிளையின் நுனியில், அடிப்பகுதி சற்று முற்றியும் நுனி இளசாகவும் இருக்கும் மூன்று நான்கு அங்குலத் துண்டை ஒரு கணுவுக்குக் கீழே வெட்டி, கீழிலைகளை உருவிவிட்டு, பாதிக்குப் பாதி சரளை கலந்த மண்ணில் தொட்டி விளிம்போரமாக ஊன்றுங்கள். மேலே ஒரு நெகிழிப் பையைக் கவிழ்த்து வெயில் நேரே படாத இடத்தில் வைத்தால் ஒரு மாதம் ஒன்றரை மாதத்தில் வேர்விடும். ஹீபியைப்போல எளிதாக வேர்விடும் புதர்கள் குறைவு.

தொட்டிப்பூ | ஹாரோ, லண்டன் | செப்டம்பர் 28

பத்துத் துண்டுகள் ஊன்றினேன். இரண்டு கருத்துவிட்டன. எட்டை மெதுவாக இழுத்துப் பார்த்தால் மண்ணைப் பிடித்துக்கொள்கின்றன.

ஒரு கவலை: தொட்டியில் இருக்கும் தாய்ச்செடியின் இலை விளிம்புகள் யாரோ பயணச்சீட்டில் துளை போட்டதுபோல அரைவட்டமாகக் கடிபட்டிருக்கின்றன. புழு எதுவும் கண்ணில் படவில்லை.

பனிக்காலம் | அபர்டீன்ஷயர் | செப்டம்பர் 28

அது கூன்வண்டு. இரவில் டார்ச் எடுத்துப் போனால் கறுப்பாக, மந்தமாக ஊர்ந்துகொண்டிருப்பதைப் பார்க்கலாம். இலையைக் கடிப்பது பெரிய சேதமன்று. அது மண்ணில் இடும் முட்டையிலிருந்து வரும் வெள்ளைப் புழு, அரைவட்டமாக வளைந்து பழுப்புத் தலையோடு இருப்பது, குளிர்காலம் முழுவதும் வேரைத் தின்னும். வசந்தத்தில் செடியைத் தொட்டால் கையோடு வந்துவிடும். இதற்கென்றே விற்கும் நன்மை செய்யும் நூற்புழுக்களை வாங்கித் தண்ணீரில் கலந்து தொட்டி மண்ணில் ஊற்றுங்கள். மண்ணில் சூடு இருக்கும்போதுதான் அவை வேலை செய்யும்; ஆகவே அக்டோபர் முதல் வாரத்தைத் தாண்ட வேண்டாம். கன்றுகள் இருக்கும் தொட்டிக்கும் ஊற்றுங்கள்.

தொட்டிப்பூ | ஹாரோ, லண்டன் | அக்டோபர் 3

நேற்றிரவு டார்ச்சோடு போய் ஏழு வண்டுகளைப் பிடித்தேன். நூற்புழு இன்று தபாலில் வந்தது, மாலையே ஊற்றிவிட்டேன். ஊற்றி முடித்ததும் வெளித்தொட்டி எதிலும் செடியை இறக்கவில்லை என்பதை இரண்டு முறை சரிபார்த்துக்கொண்டேன். எட்டுக் கன்றுகளும் குளிர்காலத்துக்குச் சமையலறைக்குப் பின்னால் உள்ள சூடேற்றாத கண்ணாடித் தாழ்வாரத்துக்குப் போகின்றன. எனக்கு இரண்டு போதும். வசந்தத்தில் மீதி ஆறை வாங்கிக்கொள்ள ஹாரோ பக்கம் யாராவது வருவதானால் சொல்லுங்கள்.